குன்னூர் ஈரத்தில் சில்வர் ஓக் கிட்டார் பாடி நிற்குமா?

தேயிலைமேடு:
பாகங்களாக வாங்கி ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார் சேர்க்கிறவர்கள், ஆல்டர் என்னும் வெளிநாட்டு மரத்தில் செய்த பாடிதான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சுங்கமும் கட்டத் தேவையில்லை என்பது என் கட்சி. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் நிழல் மரமாக நிற்கிற சில்வர் ஓக்கே போதும். 20 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமனில் இரண்டு பலகைகளை மில்லில் பில்லோடு வாங்குங்கள். ஒட்டி இழைத்து 45 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். எடை ஆல்டரைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஃபெண்டரே 1950-இல் எஸ்குவயர் கிட்டாரின் முதல் பாடிகளைப் பைன் மரத்தில்தான் செய்தது. மிச்சப்படும் பணத்தை நெக்கில் (கம்பியை அழுத்தி வாசிக்கும் கழுத்துப் பகுதி) போடுங்கள்.

ஆறுகம்பி:
மரத்தின் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை, அதன் ஈரத்தோடுதான். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் நிற்கும் இடத்தில் எத்தனை வருடம் அடுக்கி வைத்தாலும் மரம் 16 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. அதே கிட்டார் 50 சதவீதக் காற்றுள்ள ஏசி அறையில் மாதக்கணக்கில் இருந்தால் 9-க்கு வந்துவிடும். நெக் பாக்கெட்டின், அதாவது பாடியில் நெக் உட்காரும் குழியின், அகலம் 56 மி.மீ. ஒரு சதவீத ஈரம் இறங்கினால் படுக்கை ரேகைப் பலகை (முனையில் வளையக் கோடுகள் படுத்திருக்கும் பலகை) அகலத்தில் கால் சதவீதம் சுருங்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1 மி.மீ. நெக் இறுகி, பாக்கெட் மூலையில் பெயின்ட் கீறும். அப்புறம் இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக விழுவது, எப்படி நிற்கும்?

தேயிலைமேடு:
கணக்கு சரி அண்ணா, ஆனால் ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறீர்கள். சூளையில் 8 சதவீதத்துக்கு உலர்த்திய ஆல்டர் பாடி மலையேறி வந்தால் அதுவும் ஈரம் குடித்து உப்பும். அப்போது பாக்கெட் அகன்று நெக் ஆடும். இரண்டு மரத்துக்கும் ஒரே விதிதான்.

இன்டொனேஷனை இதில் இழுக்காதீர்கள். மரம் குறுக்கே அசையும், ரேகை ஓடும் திசையில் அசைவது மிக மிகக் குறைவு. நெக்கின் தலைப்பக்கம் கம்பி தாங்கும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைக்கு 324, கம்பியின் மறுமுனை தாங்கும் பிரிட்ஜுக்கு 648 மி.மீ. என்ற அளவு அப்படியே இருக்கும். ஈரத்தால் சுருதி தப்புகிறதென்றால் வளைந்தது நெக். அதனால்தான் அங்கே செலவு செய்யச் சொன்னேன். ரோஸ்டட் மேப்பிள், அதாவது சூட்டில் வறுத்த மேப்பிள் மரம், ஈரத்தைக் குறைவாகவே ஏற்கும்.

பலகையின் இரு முனைகளுக்கும் மெழுகோ பெயின்டோ பூசி, நடுவில் ரீப்பர் கொடுத்து அடுக்கி, கோடையில் மேட்டுப்பாளையத்தில் கூரைக்கு அடியில் வையுங்கள். வாராவாரம் எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அறுக்கலாம்.

ஆறுகம்பி:
இன்டொனேஷன் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. ஆனால் எடை நின்றது என்றால் மரமும் அந்த இடத்துக் காற்றும் சமமாகிவிட்டன என்றுதான் அர்த்தம், உலர்ந்துவிட்டது என்றல்ல. ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பலகையின் நடுவிலிருந்து சிறு துண்டு அறுத்து உடனே நிறுங்கள். ஓவன் அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் எடை இனி குறையாது என்னும் வரை வையுங்கள். 58 கிராம் 50 ஆனால், போன 8-ஐ 50-ஆல் வகுத்து 16 சதவீதம். 55 ஆக இருந்தது 50 ஆனால் 10. அந்தப் பத்து, பதினொன்றுக்கு வந்த பிறகு, மரத்தில் குழி கடையும் ரூட்டர் மெஷினை எடுங்கள். முனையிலிருந்து அறுத்த துண்டை நம்பாதீர்கள். முனை முதலில் காயும்.

சால்டர்புகை:
இரண்டு பேரும் பூச்சைத் தொடவில்லை. எண்ணெய்ப் பூச்சு கைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஈரத்தைத் தடுக்காது. இந்த ஊருக்கு பியூ (பாலியூரிதேன்) பூச்சுதான். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, நெக் பாக்கெட் என்று உள்ளேயும் பூசுங்கள். வெளியே மட்டும் பளபளவென்று அடித்து உள்ளே பூச்சில்லாத மரமாக விட்டால் அந்த வழியாக ஈரம் ஏறி ஒரு பக்கம் வளையும்.

என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர்தான் என்பவர்கள் மூடுபனி நாளில் ஸ்ப்ரே எடுக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல வெளுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வெயிலேறிய பிறகு அடியுங்கள், ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்து.

பாக்கெட் ஆழம் 16 மி.மீ. இருக்கட்டும். பாடியில் திருகுத் துளை 4.5 மி.மீ.யாவது வேண்டும், திருகு அங்கே பிடிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். நெக்கில் மட்டும் 3.2 மி.மீ. துளை. பாடியிலும் மரை பிடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் இடையில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். பாதிப் பேர் அதை மரம் சுருங்கியது என்று நினைக்கிறார்கள்.

தேயிலைமேடு:
துளை விஷயத்துக்கு நன்றி, அதை நான் எழுதியிருக்க வேண்டும். பியூவும் சரி. ஆனால் ஆறுகம்பி அண்ணா சொன்ன அந்த 1 மி.மீ. படுக்கை ரேகைப் பலகைக்கு. மில்லில் பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கிற பலகையை எடுத்தால் அகலச் சுருக்கம் பாதிதான். சில்வர் ஓக்கின் வெள்ளி மினுக்கும் அந்த அறுப்பில்தான் முகத்துக்கு வரும்.

ஆறுகம்பி:
அந்த அறுப்பு, 10 சதவீத ஈரம், உள்ளும் புறமும் பியூ. மூன்றும் இருந்தால் சில்வர் ஓக்குக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று குறைந்தாலும் ஆல்டர்தான் என்பேன்.