அம்மா பண்ணின பொருத்தனை பிள்ளையைக் கட்டுமா?

பனைநிழல்: எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை தங்கல. "இது தங்கினா ஊழியத்துக்கு விட்டுடுறேன்"னு அம்மா பொருத்தனை பண்ணி, சாமுவேல்னு பேர் வெச்சாங்க. இப்போ வயசு 27, எலக்ட்ரீஷியன். வேலையை விட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போகச் சொல்லி அழறாங்க. விசுவாசம் இருக்கு, ஊழியத்துக்குக் கர்த்தரோட அழைப்பு இல்லை. என்ன செய்ய?

எபெனேசர்70: கட்டும், தம்பி. பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்கிறது பிரசங்கி 5:4. அழுது கேட்டு வாங்கின பிள்ளை சாமுவேலை, பால் மறந்ததும் சீலோ ஆலயத்தில் ஆசாரியன் ஏலியின் கையில் விட்டாள் தாய் அன்னாள். விட்டபின் பாடினாள்! என் மூத்தவனையும் அப்படித்தான் கொடுத்தேன். இன்று சந்தோஷமாக ஊழியம் செய்கிறான்.

தையல்மெஷின்: உங்கள் மகனுக்காக ஸ்தோத்திரம், அண்ணே. ஆனால் 1 சாமுவேல் 3:7-ஐயும் பாருங்க. ஆலயத்திலேயே வளர்ந்தும் அந்தச் சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியவில்லை. கர்த்தர் கூப்பிட்டபோது, ஏலிதான் கூப்பிட்டார் என்று மூன்று தரம் அவரிடம் ஓடி, நாலாம் தரம்தான் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். அதை அவனுக்காக அன்னாள் சொல்லவில்லையே. லேவியராகமம் 27-இல், பொருத்தனை பண்ணப்பட்டவருக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழி இருக்கு. தம்பி வயசு ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, ஏழையென்றால் ஆசாரியன் குறைக்கணும்.

எபெனேசர்70: மரியாள் இயேசுவைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்க எருசலேமுக்குக் கொண்டுபோனபோது பச்சைப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டாளா, சிஸ்டர்?

தையல்மெஷின்: கேட்கலை. காணிக்கை முடிந்ததும் பிள்ளையோடு நாசரேத்துக்குத் திரும்பினாங்க, லூக்கா 2:39. அவர் வளர்ந்தது தச்சன் வீட்டில். போரில் ஜெயித்தால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை பண்ணி, வாயைத் திறந்துவிட்டேன், மாற்றக்கூடாது என்று நின்ற யெப்தாவுக்கு மிஞ்சினது என்ன? ஒரே மகளை இழந்ததுதான்.

எனக்கு அன்னாள் என்றாலே அந்தச் சின்னச் சட்டைதான். வருஷா வருஷம் தைத்துக் கொண்டுபோனாளாம். பிள்ளை கண்முன்னே இல்லாமல் தைக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். போன வருஷ அளவில் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டணும், கீழ் மடிப்பில் துணி விட்டுத் தைக்கணும். கொடுத்த பிறகும் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எபெனேசர்70: சட்டை தைத்தாள், சரி. திரும்ப அழைத்துவரவில்லையே. பொருத்தனை பொருத்தனைதான். தம்பிக்காக ஜெபிக்கிறேன்.

பனைநிழல்: நேத்து ராத்திரி அம்மாவுக்கு 3-ஆம் அதிகாரத்தை வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "உனக்கு ஏதாவது கேட்டுச்சாய்யா?"ன்னாங்க. இல்லம்மா, கேட்டா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்னேன். கண்ணைத் துடைச்சுட்டு, காலையில டிஃபன் கட்டிக் கொடுத்து வேலைக்கு அனுப்பினாங்க.