ஜெத்ரோ டல் பிரான்சில் போட்டுவிட்டு வந்த பாடல்கள்: 1993 பதிப்பா, 2014 பதிப்பா?

வால்யூம்_பத்து:
வணக்கம் மக்களே. பிரிட்டிஷ் ராக் குழு ஜெத்ரோ டல்லின் 'எ பேஷன் ப்ளே' ஆல்பம் எனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால், 1972இல், இதே குழு பாரிஸுக்குப் பக்கத்தில் ஷாத்தோ தெரூவில் ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் போலப் பதிவுசெய்துவிட்டுப் பாதியிலேயே கைகழுவிய சரக்கை இப்போதுதான் முழுசாகக் கேட்கிறேன். 'கிரிட்டிக் ஒப்ளீக்' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், பேஷன் ப்ளேயில் கேட்டுக்கேட்டுப் பழகின அதே பகுதி, ஆனால் இங்கே அவசரமே இல்லாமல் நிதானமாக நடக்கிறது. 'நோ ரிஹர்சல்' அதைவிடப் பிடித்தது. வாழ்க்கையை ஒத்திகையே இல்லாத நாடகமாக வைத்துப் பாடுகிறார் குழுவின் பாடகரும் புல்லாங்குழல்காரருமான இயன் ஆண்டர்சன், இதையெல்லாம் எப்படித்தான் தூக்கிப்போட மனசு வந்ததோ!

நான் கேட்டது இந்தப் பதிவுகளை வைத்து 1993இல் வந்த 'நைட்கேப்' தொகுப்பு. 2014 பதிப்பு வேறு மாதிரி இருக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? இந்த ஆல்பத்தை அப்போதே முடித்திருந்தால் பேஷன் ப்ளேயைவிட நன்றாக வந்திருக்குமோ?

ஆர்கன்_பைத்தியம்:
கண்ணை மூடிக்கொண்டு 2014 வாங்குங்கள். பாட்டு வரவேண்டிய சில இடங்கள் 72இல் காலியாகவே நின்றுபோயின. நைட்கேப்புக்காக ஆண்டர்சன் அந்த ஓட்டைகளில் புதிதாகப் புல்லாங்குழல் ஊதி அடைத்தார். 2014 பதிப்புக்கு ஸ்டீவன் வில்சன் செய்த மிக்ஸில் அந்தப் பூச்சு கிடையாது. அது இல்லாதபோதுதான் ஜான் ஈவனின் ஆர்கனும் பேரிமோர் பார்லோவின் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்துவது காதில் விழுகிறது, குறிப்பாக 'டைகர் டூன்'. இருபது வருஷம் கழித்து ஊதிய குழல் என்பது தொனியிலேயே தெரிந்துவிடும், எனக்கு அது உறுத்தும்.

மழைக்கால_ரேடியோ:
உறுத்தும் என்பது உங்கள் காது சார். அவர் பாட்டு, அவர் ஊதுகிறார், நமக்கென்ன? முதல் தடவை கேட்பவர்களுக்கு 2014 பதிப்பில் சில இடங்கள் பாடகர் வராத கச்சேரி மாதிரி இருக்கும், பின்னணி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 'ஆடிஷன்', 'நோ ரிஹர்சல்' எல்லாம் 1988 தொகுப்பிலேயே வந்துவிட்டதால் பழைய ஆட்களுக்கு இதில் பாதி தெரிந்த கதைதான்.

குறுக்கு_விசாரணை:
முடித்திருந்தால் என்ற கேள்விக்கு வருகிறேன். முடிக்கிற நிலையிலா இருந்தார்கள்? சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் படுத்தார்கள், கருவிகள் மக்கர் செய்தன, எல்லோருக்கும் வீட்டு நினைப்பு. அந்த இடத்துக்கு 'ஷாத்தோ டிசாஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லண்டனுக்கு ஓடிவந்து மார்கன் ஸ்டூடியோவில் ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக எழுதிப் பதிவுசெய்ததுதான் 1973 பேஷன் ப்ளே. அமெரிக்காவில் முதலிடம், விமர்சகர்களிடம் செம அடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1974 'வார்சைல்ட்' ஆல்பத்தில் 'ஒன்லி சாலிடேர்' என்று ஒரு குட்டிப் பாட்டு, ஆண்டர்சனை ஒரு விமர்சகர் கிழிப்பது போலவே எழுதியது. பேஷன் ப்ளே வாங்கிய அடிக்குப் பதிலடி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது பிறந்தது இந்தப் பிரான்ஸ் பதிவில், அடி விழுவதற்கு முன்னாலேயே! மனிதர் முன்ஜாமீன் வாங்கி வைத்திருக்கிறார். 'ஸ்கேட்டிங் அவே'யும் இங்கிருந்து வார்சைல்டுக்குப் போனதுதான். இரண்டு ஆல்பத்துக்குத் தீனி போட்ட குப்பைக்கூடை இது, கைவிட்டதே நல்லது என்பேன். மிருகங்களை வைத்து வரும் பாட்டுகளில் ஒன்றிரண்டு எனக்கு இன்றைக்கும் இழுவைதான்.

வால்யூம்_பத்து:
முன்ஜாமீன் விஷயம் அபாரம். சரி, 2014 ஆர்டர் போட்டாயிற்று. 'நோ ரிஹர்சல்' அதில் கெட்டுப்போயிருந்தால் @ஆர்கன்_பைத்தியம் தலையில்தான் விடியும்.

ஆர்கன்_பைத்தியம்:
தாராளமாக. ஹெட்ஃபோனில் கேளுங்கள், செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.