அரை மில்லிகிராம் எதனுடையது?

தராசு:
'எதிர்ப்பு சக்திக்குத் துத்தநாக ட்ரிப்ஸ்' பற்றி நண்பர் வாடைக்காற்று நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "மெல்போர்னில் நிரூபித்துவிட்டார்கள். கிலோவுக்கு அரை மில்லிகிராம் துத்தநாகம், நேராக இரத்தத்தில். எழுபது கிலோ ஆளுக்கு 35 மில்லிகிராம். நானும் ஏற்றிக்கொண்டேன், சளி அண்டவே இல்லை."

மருந்துக்கடையில் நின்றே தலை நரைத்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அது மெல்போர்ன் ஆஸ்டின் மருத்துவமனையில் கொரோனாவுடன் படுத்திருந்த 33 பேரிடம் நடந்த சோதனை. ஏற்றியது ஜிங்க் குளோரைடு, அதாவது துத்தநாகமும் குளோரினும் சேர்ந்த உப்பு. அரை மில்லிகிராம் என்பது அந்த உப்பின் எடை. அதில் துத்தநாகம் 0.24 மில்லிகிராம்தான். எழுபது கிலோவுக்கு 16.8. நீங்கள் சொல்லும் 35 இரு மடங்குக்கும் மேல். உப்புக்கும் உலோகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஊருக்கு ஊசி போடக் கிளம்பிவிட்டார்.

வாடைக்காற்று:
வந்துவிட்டார் ஐயா. போன மாதம் கபசுரக் குடிநீரில் எத்தனை மூலிகை என்று எண்ணிச் சண்டை போட்டவர், இப்போது தசமப் புள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். 35 ஆனால் என்ன, 16.8 ஆனால் என்ன? ஏற்றியவர்களுக்கு இரத்தத்தில் துத்தநாகம் கூடியதா, இல்லையா? கூடியது. பெரிய பக்கவிளைவு வந்ததா? இல்லை. இதுதான் விஷயம். பொறாமை வேண்டாம்.

தராசு:
"35 ஆனால் என்ன, 16.8 ஆனால் என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இரத்தத்தில் ஏற்றினால் இரத்தத்தில் கூடத்தான் செய்யும். தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொட்டி நிறைந்ததை அதிசயம் என்கிறீர்கள். நோய் தணிந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தச் சோதனையால் விடை சொல்ல முடியவில்லை. கட்டுப்பாடுகளால் நோயாளிகள் குறைந்துபோய், திட்டமிட்ட அளவுக்கு ஆள் சேரவில்லை. 'நிரூபித்துவிட்டார்கள்' என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்?

அது இருக்கட்டும். அரை மில்லிகிராம் உப்பினுடையதா, துத்தநாகத்தினுடையதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மதுரை மல்லி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். காய்ச்சலுக்குப் பிறகு அம்மா மிகவும் சோர்ந்திருக்கிறார். இங்கே ஒரு நலவாழ்வு மையத்தில் வாரம் ஒரு ட்ரிப்ஸ் என்று ஒரு தொகுப்பை வாங்கச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தி கூடும் என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி என்று இங்கே எதைச் சொல்கிறோம்? அது கூடியதை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது? யாராவது சொல்ல முடியுமா?

நெய்வேலியான்:
தராசு அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆனால் துத்தநாகம் என்றாலே ஏளனம் செய்வது சரியல்ல. மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்று உலகுக்குச் சொன்னவரே நம் நாட்டுக்காரர், பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். எகிப்தில் கண்டுபிடித்தார்.

தராசு:
எகிப்தில் இல்லை, ஈரானில். 1958-இல் ஷிராஸ் நகரில். இருபத்தொரு வயது இளைஞன், பார்வைக்குப் பத்து வயதுப் பையன் போல இருந்தான். ரொட்டியும் மண்ணும் தின்று வளர்ந்தவன். தம்பி, தெரியாததை எழுதாதீர்கள்.

ஏளனம் செய்தது யார்? வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தவன் நான். 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்ன அளவு: நாளுக்கு 20 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள். ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் பத்து. அந்தச் சிரப் புட்டியைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். 'ஜிங்க் சல்பேட், இத்தனை மில்லிகிராம் தனிமத் துத்தநாகத்துக்குச் சமம்' என்று போட்டிருக்கும். வாயால் குடிக்கிற சிரப்புக்கே அந்தக் கணக்கு. இவர் நரம்பில் ஏற்றுகிற மருந்துக்கு 'ஆனால் என்ன' என்கிறார்.

நெய்வேலியான்:
ஈரானில் நோயாளியைப் பார்த்தார். துத்தநாகத்தை அளந்து உறுதி செய்தது எகிப்தில், அறுபதுகளில். நான் எழுதியது தவறில்லை. 'தெரியாததை எழுதாதீர்கள்' என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

வாடைக்காற்று:
அவர் திரும்பப் பெற மாட்டார். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

சரி, உப்புக் கணக்குக்கே வருகிறேன். கிளீவ்லாந்தில் கொரோனாவுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பயனில்லை என்று 2021-இல் வந்த ஆய்வை நீங்கள்தான் இங்கே மாலை போட்டுத் தூக்கி வந்தீர்கள். 214 பேர், பயன் தெரியாது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று. அதில் கொடுத்தது 50 மில்லிகிராம் ஜிங்க் குளுக்கோனேட். உங்கள் விதிப்படி 50 உப்பின் எடை என்றால், அதில் துத்தநாகம் ஏழு மில்லிகிராம்தானே? ஏழு மில்லிகிராமை வாயில் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்றால் எப்படி? அன்றைக்குத் தராசு எங்கே போயிருந்தது?

தராசு:
பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறார். நான் கேட்டது மெல்போர்ன்.

வாடைக்காற்று:
நானும் கேட்டேன், கிளீவ்லாந்து. ஏழா, ஐம்பதா?

தராசு:
வாய்வழி வேறு, இரத்தவழி வேறு. வாயில் போட்டால் தேவைக்கு மிஞ்சியதைக் குடல் பெரும்பாலும் தடுத்துவிடும். ட்ரிப்ஸில் அந்தக் காவல்காரன் இல்லை. உணவு முழுவதும் ட்ரிப்ஸ் வழியே போகும் நோயாளிக்கே பெரியவர் என்றால் நாளுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிகிராம்தான் வழக்கம். 1977-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த செய்தி தெரியுமா? எழுதிக்கொடுத்ததில் நேர்ந்த பிழையால் ஒரு மூதாட்டிக்கு 60 மணி நேரத்தில் 7.4 கிராம் ஜிங்க் சல்பேட் ஏறிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. அங்கேயும் சல்பேட் என்று உப்பின் பெயரைத் தெளிவாகத்தான் எழுதினார்கள்.

வாடைக்காற்று:
ஏழாயிரத்து நானூறு மில்லிகிராமைக் காட்டி 35 மில்லிகிராமுக்குப் பயமுறுத்துகிறார். இவரிடம் கணக்குப் பாடம் வேறு.

கடலோரக் கவிதை:
என் மைத்துனருக்கும் மெல்போர்ன்தான். அங்கே குளிர் அதிகம்.

மதுரை மல்லி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தராசு:
மல்லி அம்மா, அம்மாவுக்குக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும். காய்ச்சல் நேரத்தில் இரத்தத்தில் துத்தநாகம் தானாகவே இறங்கும். அந்தப் பரிசோதனைத் தாளைக் காட்டிப் பணம் பறிப்பார்கள். தேவையில்லாமல் அதிகத் துத்தநாகம் நாள்கணக்கில் போனால் உடலில் செம்பு குறையும். இரத்தசோகை வரும், வெள்ளணு குறையும். வெள்ளணு குறைந்தால் எதிர்ப்பு சக்தியின் கதி என்ன என்று வாடைக்காற்று விளக்குவார். அவர்தான் 35 மில்லிகிராம் நிபுணர்.

வாடைக்காற்று:
செம்பு குறைவது மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு. வாரம் ஒருமுறை ஏற்றுகிறவர்களுக்கு இல்லை. நான் ஏற்றிக்கொண்டேன், நன்றாக இருக்கிறேன். நன்றாக இருப்பவனைப் பார்த்தால் சிலருக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சலோ தெரியவில்லை.

தராசு:
உங்களுக்கு ஏற்றிய புட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது? குளோரைடா, சல்பேட்டா? எத்தனை மில்லிகிராம்? படித்தீர்களா?

வாடைக்காற்று:
புட்டியைப் படிக்க நான் என்ன மருந்துக்கடையா வைத்திருக்கிறேன்?

தராசு:
படிக்கவில்லை. எதை ஏற்றினார்கள் என்றே தெரியாது. ஆனால் 35 என்று எழுதத் தெரியும். அரை மில்லிகிராம் உப்பா, உலோகமா? நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

நெய்வேலியான்:
இரண்டாவது முறைதான். எண்ணிப் பார்த்துவிட்டேன். நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

வாடைக்காற்று:
பார்த்தீர்களா, எண்ணிக்கையில் இரு மடங்கு ஏற்றிச் சொல்வது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. கிளீவ்லாந்து, ஐயா. ஏழா, ஐம்பதா?

தராசு:
நாளைக் காலை மெல்போர்ன் கட்டுரையில் அளவு குறித்த பத்தியை முழுமையாகத் தமிழில் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். 0.24 என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். நெய்வேலியார் பார்த்தது ஷிராஸ்தான் என்பதற்கும் தனியாக ஒரு பதிவு வரும்.

நெய்வேலியான்:
பார்த்தது நான் இல்லை, பிரசாத்.