ஆங்கில வார்த்தைக்கு மேல் தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளைகள்: என்ன செய்யலாம்?

ஏற்காடு_ஆறாவது:
வணக்கம். தமிழ் மீடியத்தில் அஞ்சாவது முடித்து நாகலூர் பக்கமிருந்து வந்த 14 பிள்ளைகள், இப்போது இங்கிலீஷ் மீடியத்தில். புத்தகத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக் கடகடவென்று வாசிக்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். வகுப்பில் தமிழே கூடாது என்று சொல்லிவிடலாமா? தினமும் 20 நிமிஷம் தனியாகக் கிடைக்கும்.

கரும்பலகை:
தமிழைத் தடுக்காதீங்க, அர்த்தத்துக்கு அது வேணும். உச்சரிப்பைத் தமிழில் எழுதுறதுதான் வினை. கிரிக்கெட் மட்டை, பரீட்சை அட்டை, கெட்டது, முதுகில் தட்டுறது: ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. தமிழில் எழுதினா நாலுமே 'பேட்'. நம்ம ப-வும் ட-வும் ரெண்டு ரெண்டு ஒலிக்கு வேலை பார்க்குது. டிக்டேஷனில் பிள்ளை எதைன்னு எழுதும்?

மெல்லிய தாள் துண்டு ஆளுக்கு ஒண்ணு குடுங்க. உதட்டுக்கு ரெண்டு விரக்கடை தள்ளிப் பிடிச்சு, 'பென்' சொன்னா துள்ளணும், 'பெல்' சொன்னா அசையக் கூடாது. 'பென்'னுக்கும் துள்ளலைன்னா நம்ம 'பல்'லில் வர்ற ப-வைச் சொல்றாங்க; கொஞ்சம் ஊதிச் சொல்லட்டும். கடைசி எழுத்துக்குத் தாள் உதவாது. அங்கே நீளத்தைக் கேட்க வைங்க: 'கெட்டது' கொஞ்சம் இழுக்கும், 'மட்டை' வெடுக்குன்னு நிக்கும்.

சேர்வராயன்_மலை:
அந்த 20 நிமிஷத்தை விளையாட்டு பீரியடில் பிடுங்காதீங்க, வெறுத்துடுவாங்க. நாளைக்கு வரப்போற அறிவியல், கணக்குப் பாடத்துக்கு 6 வார்த்தை, அவ்வளவுதான். தெரிஞ்ச மாதிரி ஏமாத்துற வார்த்தையை முதல்ல எடுங்க: 'டேபிள்'னா மேஜைன்னு நினைப்பாங்க, கணக்கில் அது வாய்ப்பாடு. 'கரண்ட்' வீட்டில் மின்சாரம், ஆத்துப் பாடத்தில் நீரோட்டம்.

வாக்கியத்துக்கு மூணு கலர் அட்டை: யார், செயல், எதை. தமிழ்ப் பழக்கத்தில் செயலைக் கடைசியில் வைப்பாங்க. நீங்க திருத்தாம, அவங்க கையாலேயே நடுவுக்கு நகர்த்தணும். எழுதக் குடுக்கிறது காப்பித் தோட்ட வேலையைப் பத்தி இருக்கட்டும்: பழம் பறிக்கிறது, தோல் நீக்குறது, காயவைக்கிறது. விஷயம் தெரிஞ்சதுன்னா மொழி மட்டும்தான் பாரம்.

ஏற்காடு_ஆறாவது:
மூணு பேர் வாயே திறப்பதில்லையே?

கரும்பலகை:
சில மாசம் அப்படித்தான் இருக்கும், எழுப்பி நிறுத்தாதீங்க. படத்தைத் தொடச் சொல்லுங்க, சரி-தப்பு அட்டை தூக்கட்டும். அதே மாதிரி, நல்லாப் பேசுறவனையும் நம்பிடாதீங்க. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ஞ்ச ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலத்துக்கு ரெண்டு வருஷம், பாட ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 வருஷம்னு கணக்குச் சொன்னார். சரளமா பேசுறான்னு ஆறே மாசத்தில் தனி வகுப்பை நிறுத்தினா அறிவியலில்தான் அடி விழும்.

பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்லாதீங்க. அடுத்த பாடத்திலிருந்து ஓரத்தில் தமிழ் அர்த்தம் மட்டும்.