அடுக்கிய படம் திரையில் துலங்குகிறது, சேமித்தால் கறுத்துவிடுகிறது

நிலாவெளி மாணவன்:
வணக்கம். போன சனிக்கிழமை இரவு நிலாவெளிக் கடற்கரையிலிருந்து ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை, புவியின் சுழற்சிக்கு ஈடாகக் கமராவைத் திருப்பும் தாங்கியின் உதவியுடன், 135 மி.மீ. லென்ஸில் 30 செக்கன் வீதம் 80 படங்களாக எடுத்தேன். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. பனைகளுக்கிடையில் அதைத் தேடித் தாங்கியைச் சரிசெய்யவே ஒரு மணித்தியாலம் போயிற்று.

சிரில் மென்பொருளில் அந்த 80 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி முடித்ததும், கொத்தின் ஓரத்தில் தனித்தனி நட்சத்திரங்கள் தெரியும் அளவுக்குத் திரையில் படம் துலங்கியது. அதையே ஜேபெக்காகச் சேமித்துத் திறந்தால், நடுவில் ஒரு வெண்புள்ளியும் சுற்றிலும் கறுப்பும்தான். மூன்று தடவை சேமித்தும் மாற்றமில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், சிவப்பும் நீலமுமான சிறு கோடுகள் ஒரே பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன. கமராவின் சொந்தப் புள்ளிகளைக் கழிப்பதற்காக லென்ஸை மூடி எடுக்கும் டார்க் படங்கள் இருபதையும் மறுநாள் அறைக்குள், குளிரூட்டி ஓடும்போது எடுத்தேன். எங்கே பிழைத்தேன்?

கோணமலை வான்நோக்கி:
தம்பி, படம் கெடவில்லை. நீங்கள் பார்த்தபோது காட்சி முறை 'ஆட்டோஸ்ட்ரெட்ச்' என்று இருந்திருக்கும். அது கண்ணுக்காக இருண்ட பகுதியை விரித்துக் காட்டுமே தவிர, கோப்பில் உள்ள எண்களைத் தொடாது. கமராவின் உணரி ஒளியை நேர்விகிதத்தில் பதிவதால், மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் கறுப்பு முனையிலேயே நெருங்கிக் கிடக்கும். சேமிக்கும்போது அந்த எண்களே ஜேபெக்குக்குள் போகின்றன.

அடுக்கி முடிந்தவுடன், வேறெதையும் செய்யுமுன், வானியல் படங்களுக்கான 32-பிட் ஃபிட்ஸ் கோப்பாக ஒரு பிரதியைச் சேமித்து வையுங்கள். 14-பிட் கமராவில் ஒரு படத்துக்கு 16,384 படிகள் உண்டு; 80 படங்களைச் சராசரியாக்கும்போது இரைச்சல், அதாவது தாறுமாறான புள்ளிக் கலங்கல், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைவதோடு, அந்தப் படிகளுக்கு இடைப்பட்ட பெறுமானங்களும் கிடைக்கின்றன. ஜேபெக்கில் நிறமொன்றுக்கு 256 படிகளே உள்ளன. அந்த இடைப் பெறுமானங்களுக்காகத்தானே இரவெல்லாம் விழித்திருந்தீர்கள்; அவற்றை முதற்படியிலேயே இழக்கக் கூடாது.

அடுத்து, ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே அதிகபட்சம் 34 பாகை உயரத்தில்தான் வரும். நிலாவெளியிலிருந்து பார்த்தால் அதற்குக் கீழே நகரத்தின் வெளிச்சம் இருக்கிறது. ஆகவே பின்னணி ஒளியை நீக்குவதையும் நிறத்தைச் சரிசெய்வதையும் படத்தை விரிக்குமுன், அதாவது இருண்ட பகுதியின் எண்களையே உயர்த்துமுன், செய்துவிடுங்கள். பிறகு காட்சி முறையை 'லீனியர்' ஆக்கிக்கொண்டு, 'ஆசின்எச்' என்ற விரிப்பு முறையால் சிறிது சிறிதாக விரியுங்கள். நட்சத்திரங்களின் நிறம் வெளுக்காமல் இருக்க அதுவே எனக்குப் பிடித்த வழி. லீனியர் காட்சியில் எது தெரிகிறதோ, அதுவே ஜேபெக்கிலும் வரும்.

உப்புவெளி இரவுப்பறவை:
அந்தக் கோடுகளுக்கும் சேமிப்புக்கும் தொடர்பில்லை. தாங்கி சற்றே விலகியிருந்ததால் நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் நகர்ந்திருக்கின்றன. மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது, உணரியில் அசையாமல் இருக்கும், ஒளி படாமலே பிரகாசிக்கும் சூடான புள்ளிகள் கோடாக இழுபடுகின்றன. டார்க் படங்கள் அவற்றைக் கழித்திருக்க வேண்டும். ஆனால் உணரியின் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை செல்சியஸ் கூடினால், ஒளி படாதபோதும் அதில் ஊறும் இருட்டு மின்னோட்டம் இரட்டிப்பாகும் என்பதால், குளிரூட்டிய அறையில் எடுத்தவை கடற்கரை இரவின் புழுக்கத்துக்கு ஈடாகாது. இன்றிரவே முற்றத்தில், லென்ஸை மூடி, அதே 30 செக்கனும் அதே ஐஎஸ்ஓவும் வைத்து 30 டார்க் படங்களை எடுத்து மீண்டும் அடுக்கிப் பாருங்கள். அடுத்த தடவை சில படங்களுக்கு ஒருமுறை கமராவைக் கொஞ்சம் வெவ்வேறு பக்கமாக நகர்த்தினால், மிஞ்சும் புள்ளிகளை மென்பொருளே விலக்கிவிடும்.

நிலாவெளி மாணவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு முற்றத்தில் டார்க் படங்களை எடுத்து மறுபடி அடுக்கினேன். கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஓர் ஓரத்தில் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. முதலில் விரித்தபோது கை மிஞ்சிப்போய்க் கொத்தின் நடுப்பகுதி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. ஃபிட்ஸ் பிரதி இருந்ததால் அதிலிருந்தே திரும்பத் தொடங்கினேன். ஜேபெக்கில் இப்போது நடுப்பகுதி இளமஞ்சளாகத் தெரிகிறது.