தனியா வேலை பாக்குற ஹேர் ஸ்டைலிஸ்ட்: தள்ளுபடி போட்டு ஆள் சேக்குறதா, நாற்காலியிலேயே அடுத்த தேதி குறிக்கிறதா?

லாஸ்பேட்டை_கிளிப்பர்:
மாசச் சம்பள வேலையை விட்டு வெளிய வந்து, இன்னொரு கடையில ஒரு நாற்காலியை மட்டும் பங்குக்கு எடுக்கிற ஸ்டைலிஸ்டுக்கான கேள்வி இது. பில்லுல 40% கடைக்கு. கலர், டெவலப்பர் (கலரோட கலக்குற பெராக்சைடு) எல்லாம் ஸ்டைலிஸ்ட் செலவு. இடம் பாண்டி, லாஸ்பேட்டை. முதல் ஆறு மாசத்துல நிலையான கஸ்டமரை எப்படிச் சேக்குறது? "முதல் தடவை 30% தள்ளுபடி, இன்ஸ்டால ரீல்"னு ஒரு கட்சி. "தள்ளுபடிக்கு வர்றவங்க தள்ளுபடியோட போயிடுவாங்க, வந்தவங்களுக்கு நாற்காலியிலேயே அடுத்த தேதி குறிச்சுடணும்"னு இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் கணக்கோட பேசுங்க.

சீப்பு605:
எத்தனை பேர் வேணும்னு தெரிஞ்சாத்தான் எப்படிச் சேக்குறதுன்னு பேச முடியும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வளரும். நம்ம வருமானத்துக்குக் காலண்டரே அதுதான். நரை மறைக்கிறவங்களுக்கு வகிட்டுல வெள்ளைக் கோடு எரிச்சலா தெரிய அஞ்சு வாரம். ஆம்பளை கட்டிங் நாலு வாரம், ஃபேடு (பக்கவாட்டுல படிப்படியா குறைக்கிற கட்டிங்) போட்டவங்க அதுக்கும் முன்னாடி. பொம்பளைங்க லேயர், ஸ்டெப் கட் எட்டு வாரத்துக்கு மேல.

வாரம் 6 நாள், நாளைக்கு 5 பேர்னா 30 இடம். ரூட் டச்சப் (வேர்ல தெரியிற நரைக்கு மட்டும் கலர்) 50 பேர், அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா: வாரம் 10 இடம். ஆம்பளைங்க 40 பேர், நாலு வாரத்துக்கு ஒருக்கா: இன்னொரு 10. லேடீஸ் கட் 40 பேர், எட்டு வாரத்துக்கு ஒருக்கா: 5. மொத்தம் 130 பேர், 25 இடம் நிரம்பியாச்சு. மிச்சம் 5 இடம் புது ஆளுக்கு. தேடவேண்டியது 130 பேரை. பத்தாயிரம் ஃபாலோயரை இல்ல.

இப்ப அந்த 30%. ரூட் டச்சப் 1,200 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கடைப் பங்கு 480, பொருள் 250, கையில 470. 30% குறைச்சா பில் 840, கடைப் பங்கு 336, பொருள் அதே 250, கையில 254. கஸ்டமருக்குக் குறைஞ்சது 30%, உங்களுக்குக் குறைஞ்சது 46%. நேரம் மட்டும் அதே ஒன்றரை மணி.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
அக்கா, கணக்கு அழகு. அந்த 130 பேர் எங்கேருந்து வருவாங்கன்னு மட்டும் சொல்லலையே? வராதவங்களுக்கு எப்படி அடுத்த தேதி குறிக்கிறது? காலியா கிடக்கிற நாற்காலிக்கு 254 ரூபாய் பெரிய காசுதான்.

அடுத்தது, தேதி குறிக்கிற பழக்கம் பெருநகர சலூனுக்குச் சரி. கடலூர்ல "அடுத்த மாசம் 14ஆம் தேதி 11 மணிக்கு வாங்க"ன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. முடிவெட்ட நாள் பாக்குற ஊரு இது. செவ்வாய், வெள்ளி ஆகாது. அமாவாசை, கிருத்திகை ஆகாது. பிறந்த கிழமை, ஜென்ம நட்சத்திரம் ஆகாது. விளக்கு வெச்சப்புறம் ஆகாது. சில வீட்டுல சம்சாரம் மாசமா இருந்தா குழந்தை பிறக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் முடியிலயே கை வைக்க விடமாட்டார். கார்த்திகை ஒண்ணாந் தேதி மாலை போட்டவர் மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கழட்டுற வரைக்கும் நம்ம பக்கமே வரமாட்டார். இதுல எங்கேருந்து நாலு வாரக் கணக்கு?

சீப்பு605:
தம்பி, நீங்க சொன்ன அத்தனையும் தேதி குறிக்கிறதுக்கான காரணம். 28 நாள் கழிச்சு அதே கிழமைதான் வரும். சனிக்கிழமை வெட்டிக்கிறவருக்கு மறுபடி சனிக்கிழமை. தினசரி நாட்காட்டியை மேசையிலேயே வெச்சு, அன்னைக்கு அமாவாசையா கிருத்திகையான்னு அவர் கண்ணு முன்னாடியே பாருங்க. அதுவே அவருக்குப் பெரிய மரியாதை.

கேக்குற விதம்தான் விஷயம். "அடுத்து எப்ப வர்றீங்க?"ன்னா "பாக்கலாம்"னுதான் பதில் வரும். "அஞ்சு வாரத்துல இந்த வெள்ளை மறுபடி தெரியும். புதன் வைக்கட்டுமா, வியாழன் வைக்கட்டுமா?"ன்னு கேளுங்க. கேக்கவேண்டிய நேரம், பின்னாடி கண்ணாடி காட்டி அவங்க தலையைத் திருப்பிப் பாத்துச் சிரிக்கிற அந்த நிமிஷம். பில் போட்டப்புறம் கேட்டா அவங்க மனசு ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியில இருக்கும்.

மாலை போடுறவங்களுக்கு ஐப்பசி கடைசி வாரத்துலயே மெசேஜ் போகணும். தை பிறந்ததும் இன்னொண்ணு. நடுவுல ஆம்பளை இடம் காலியாகும்னு முன்னாடியே தெரியும், அதுல லேடீஸ் கலர் வேலையை நிரப்பிடணும்.

லாஸ்பேட்டை_கிளிப்பர்:
மெசேஜ்னா வாட்ஸாப் பிராட்காஸ்ட்டா? 200 பேருக்கு அனுப்பினா பாதிப் பேருக்குப் போய்ச் சேர்றதே இல்லைன்னு பல பேர் சொல்றாங்க.

சீப்பு605:
அவங்க போன்ல உங்க நம்பர் சேவ் ஆகியிருந்தாத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பாதிப் பேர் கோளாறு அதுதான். முதல் தடவை வரும்போதே அவங்க போன்லேருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லி, "ஹேர்"னு ஆரம்பிக்கிற பேர்ல சேவ் பண்ணச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சு உங்க பேர் அவங்களுக்கு ஞாபகம் இருக்காது, "ஹேர்"னு தேடுவாங்க. பிசினஸ் ஆப்ல லேபிள் போடுங்க: 4 வாரம், 5 வாரம், 8 வாரம், மாலை, கல்யாணம். இவ்வளவு போதும்.

ஆனா உண்மையான சொத்து ஃபார்முலா குறிப்பு. ஒரு வரி இப்படி இருக்கணும்: "5.0 20 கிராம் + 5.3 10 கிராம், 20 வால்யூம் 45 மி.லி., 35 நிமிஷம், முன்நெத்தி ஓரம் கடைசியா 10 நிமிஷம் சேத்து, போர் தண்ணி, ஹென்னா இல்ல." (5.0, 5.3 எல்லாம் நிற எண். 20 வால்யூம்னா டெவலப்பரோட வலு.) ரூட்டுக்கு அரை டியூப்தான் ஆகும், மிச்சத்தை மூடி தேதி எழுதி வைங்க. இந்த வரி உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் அவங்க வேற இடம் போனா நிறம் மாறும். திரும்பி வந்துடுவாங்க.

வீட்டுக்கே_வரேன்:
இருவரும் ஒரு இடத்தைத் தொடவில்லை. முதல் 130 பேர் கல்யாண வீட்டிலிருந்து வருவார்கள். மணப்பெண் ஒருமுறை வாடிக்கைதான். ஆனால் அவள் அம்மா, பெரியம்மா, அத்தை எல்லாரும் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நரை மறைப்பவர்கள். முகூர்த்தம் விடிகாலை என்றால் மண்டபத்தில் இரவு இரண்டு மணிக்கே வேலை ஆரம்பம். ஜடை அலங்காரம், பூ முடிந்து மணப்பெண் எழுந்த பிறகு அரைமணி நேரம் கிடைக்கும். அதில் அம்மாவுக்குக் கொண்டை போட்டுக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். போடும்போதே வகிட்டைப் பார்த்துவிடலாம், அவர் நம்பரும் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. அந்த இரண்டு மாதம் சோறு போடுவது இந்த அம்மாக்கள்.

வீட்டுச் சேவை செய்வதானால் ஏரியாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். திங்கள் முத்தியால்பேட்டை, புதன் ரெட்டியார்பாளையம், வியாழன் அரியாங்குப்பம் என்று. காலையில் லாஸ்பேட்டை, மத்தியானம் கடலூர் மஞ்சக்குப்பம் என்று இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் பெட்ரோலைவிட ஒரு ஆள் இடம் போவதுதான் நஷ்டம். ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்சப் பில் தொகை வையுங்கள். ஒரு ஆள் கட்டிங்குக்கு அது கட்டுப்படியாகாது என்றால், அவர்களே பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைப்பார்கள். பையில் சீப்பு இரண்டு செட். ஒன்று கிருமிநாசினியில் 10 நிமிடம் ஊறும்போது இன்னொன்று வேலை செய்யும். தரையில் விரிக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு. முடியைக் கூட்டாமல் போனவரை அந்த வீட்டுப் பாட்டி மறக்கவே மாட்டார்.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
கல்யாண வீட்டு வழி நல்லா இருக்கு. ஆனா அங்கயும் ஒரு கொண்டை இலவசம்! அதுக்குப் பேர் தள்ளுபடி இல்லையா அக்கா?

சரி, நானும் ஒரு படி இறங்கி வரேன். சனி, ஞாயிறுக்குத் தள்ளுபடி போடுறவன் ஏமாளி. திங்கள், புதன், வியாழன் 11 மணிலேருந்து 3 மணி வரைக்கும் மட்டும் போடுங்க. முதல் தடவைக்குக் குறைக்காம, ரெண்டாவது தடவைக்குக் குறைங்க. 35 நாளுக்குள்ள வந்தாத்தான் செல்லும்னு கார்டுல தேதி எழுதிக் கொடுங்க. அப்ப அது திரும்பி வர்றதுக்கான கூலி.

சீப்பு605:
இது பரவாயில்ல. இன்னும் ஒண்ணு: விலையைத் தொடாம நேரத்தைக் கொடுங்க. முன்நெத்தி ஃபிரிஞ்ச் வெட்டினவங்களுக்கு நாலாவது வாரம் ஃபிரிஞ்ச் டிரிம் இலவசம். ஆம்பளைங்களுக்கு ரெண்டாவது வாரம் கழுத்து ஓரம் இலவசம். பத்து நிமிஷம் ஆகும், பொருள் செலவு ஒண்ணுமில்ல. நடுவுல ஒரு தடவை வந்துட்டா அடுத்த தடவைக்கு வேற கடை ஞாபகம் வராது.

இன்ஸ்டா விஷயத்துல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். "ஒயிட் டவுன், பாண்டிச்சேரி"னு லொக்கேஷன் போட்ட ரீலுக்கு யார் வருவாங்க? சனிக்கிழமை சென்னைலேருந்தும் பெங்களூருலேருந்தும் வந்தவங்க. ஞாயிறு சாயங்காலம் கிளம்பிடுவாங்க. ஊர்க்காரங்க கேக்குற சனிக்கிழமை இடத்தைத் திரும்பி வராதவங்களுக்குக் கொடுத்திருப்பீங்க.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
அவங்க முழு விலை கொடுக்குறாங்களே! குளிர்காலத்துல ஆரோவில் பக்கம் ரெண்டு மூணு மாசம் தங்குற வெளிநாட்டுக்காரங்க வருஷா வருஷம் வர்றாங்க, அவங்களையும் டூரிஸ்ட் கணக்குல தள்ளிடுவீங்களா?

ரீல் வேண்டாம்னாலும் கூகுள் மேப் கட்டாயம். வீட்டுக்குப் போய் வேலை செய்றவங்க முகவரியை மறைச்சு, எந்தெந்த ஏரியாவுக்கு வருவோம்னு மட்டும் காட்டலாம். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தர்றேன்னு சொல்லாதீங்க, கூகுள் விதிக்கு விரோதம், தூக்கிடுவாங்க. "எந்த வேலை, எந்த ஏரியா"ன்னு ரெண்டு வரி தமிழ்ல எழுதச் சொன்னா போதும். போட்டோன்னா முகம் வேண்டாம், பின்பக்கம் மட்டும். அதுக்கும் அவங்க சரின்னு வாட்ஸாப்ல எழுதின பதில் இருக்கணும். வாய்ல சரின்னு சொல்லிட்டு, மாமியார் பாத்தப்புறம் எடுக்கச் சொன்ன கதை எல்லா ஊர்லயும் உண்டு.

லாஸ்பேட்டை_கிளிப்பர்:
திரும்பி வராம போறதுக்குக் காரணம் விலை மட்டும்தானா?

வீட்டுக்கே_வரேன்:
இல்லை. நம்ம கடலோரத்தில் பெரும்பாலும் தண்ணீர், அதற்கடுத்து மருதாணி.

உப்பும் இரும்பும் உள்ள போர் தண்ணீரில் குளிக்கும் தலையில் கனிமம் படிந்து கலர் சரியாகப் பிடிக்காது, சீக்கிரம் மங்கும். திட்டு நமக்கு விழும். முதல் கேள்வியே "வீட்டில் போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" என்பதாக இருக்கட்டும். போர் என்றால் கலருக்கு முன் கனிமம் நீக்கும் சீலேட்டிங் ஷாம்பு ஒருமுறை. வீட்டில் கடைசி ஒரு சொம்பு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கேட்டவர்கள் செய்வார்கள்.

மருதாணியில், சுத்தமான இலைப்பொடி சிக்கல் இல்லை. கருப்பாக்கும் "ஹென்னா" பாக்கெட்டுகளில்தான் வினை. சிலவற்றில் பிபிடி என்ற, ஒவ்வாமை தரக்கூடிய சாய ரசாயனம், சிலவற்றில் உலோக உப்பு. உலோக உப்பு உள்ள முடியில் பிளீச்சோ பெராக்சைடோ பட்டால் சூடேறி முடி அறும். பிடரியில் இருபது முப்பது முடி எடுத்து, 30 மி.லி. 20 வால்யூம் பெராக்சைடில் 20 சொட்டு அம்மோனியா கலந்து அரைமணி நேரம் ஊற விடுங்கள். கொதித்தாலோ, சூடானாலோ, கெட்ட வாடை வந்தாலோ அன்று அந்தத் தலையில் ரசாயன வேலை கிடையாது.

பிபிடி உள்ள கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால், காது பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்ட்.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
பேட்ச் டெஸ்டுக்கு ஒரு தடவை, கலருக்கு ஒரு தடவையா? நெல்லிக்குப்பத்துலேருந்து பஸ் ஏறி வர்றவங்க ரெண்டு தடவை வரமாட்டாங்க. நடக்குறதைப் பேசுங்க.

சீப்பு605:
கட்டிங்குக்கு வர்றவங்களுக்குப் போகும்போது ஒரு பொட்டு வெச்சு அனுப்புங்க. கலர் நாளைக்கு இல்ல, அடுத்த புதன். அரிச்சா கழுவிட்டு போன் பண்ணச் சொல்லுங்க. தனியா ஒரு நடை வேண்டாம், அடுத்த தேதியும் தானா விழுந்துடும். முகம் வீங்கினவங்க திரும்பி வரமாட்டாங்க, அவங்க தெருவே வராது.

லாஸ்பேட்டை_கிளிப்பர்:
கடைசியா ஒண்ணு. தேதி குறிச்சுட்டு வராம போறவங்களுக்கு அட்வான்ஸ் வாங்கலாமா?

சீப்பு605:
ஒன்றரை மணிக்கு மேல போற வேலைக்கு 200 ரூபாய் ஜிபே, பில்லுல கழிச்சுக்கலாம். முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொன்னா தேதி மாத்திக்கலாம், சொல்லாம போனா காசு போச்சு. கட்டிங்குக்கு வாங்காதீங்க.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
ஐப்பசி, கார்த்திகையில இந்தச் சட்டம் செல்லாது அக்கா. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு யார்கிட்ட 200 ரூபாயைப் பிடிச்சு வெப்பீங்க?

சீப்பு605:
புயல் அன்னைக்கு நாமளே முதல்ல மெசேஜ் போட்டுத் தேதி மாத்தணும், அதுல சண்டை இல்ல. சாதா மழைக்கு 200 ரூபாய் 200 ரூபாய்தான்.

மஞ்சக்குப்பம்_மாடல்கட்:
சாதா மழைன்னா எத்தனை மில்லிமீட்டர்னு கார்டுல அச்சடிச்சிடுங்க.