ஏசிசிஏ, சிஏவுக்கு நிகரா? கையெழுத்து யார் போடுவது?

தணிக்கைதாசன்:
ஒரு கோச்சிங் சென்டர்காரர் போட்ட பதிவை நேற்றிலிருந்து ஆள் ஆளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "சிஏ இந்தியாவோடு சரி. ஏசிசிஏ 180 நாடுகளில் செல்லும். இரண்டும் ஒன்றுதான், ஆனால் இது சீக்கிரம் முடியும்" என்று எழுதியிருக்கிறார். சிஏ என்பது இந்தியாவின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு, ஏசிசிஏ ஒரு பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பின் படிப்பு. படித்த பிறகு காபி இறங்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதன் ஆடிட் ரிப்போர்ட்டில் ஏசிசிஏ முடித்தவர் கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 141 படித்துப் பாருங்கள். சிஏவுக்கு மட்டும்தான் அந்த உரிமை. அப்புறம் எப்படி இரண்டும் ஒன்றாகும்?

ஓஎம்ஆர் பறவை:
சார், நான் ஏசிசிஏ. சோழிங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து கம்பெனிகளின் ஆடிட் வேலை பார்க்கிறேன். கும்பகோணம் பாத்திரக்கடைக்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்ற ஆசை எனக்கு இதுவரை வந்ததில்லை. 13 பேப்பர், 36 மாத அனுபவம், அதற்கு மேல் எதிக்ஸ் மாட்யூல். சும்மா யாரும் சர்டிபிகேட் தரவில்லை. உங்களுக்குக் காபி இறங்காததற்கு நாங்கள் என்ன செய்வது?

தணிக்கைதாசன்:
ஆசை வரவில்லை என்பது வேறு, முடியாது என்பது வேறு. நரிக்கும் திராட்சை புளிக்கத்தான் செய்தது. முடியுமா, முடியாதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் தம்பி.

ஓஎம்ஆர் பறவை:
இந்தியாவில் முடியாது. இங்கிலாந்தில் முடியும். அங்கே தணிக்கையாளர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்புகளில் ஏசிசிஏவும் ஒன்று. இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் சிஏவை எடுத்துக்கொண்டு மான்செஸ்டரில் ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட முடியுமா? ஒரு வார்த்தையில்.

தணிக்கைதாசன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். இங்கிலாந்திலேயே ஏசிசிஏ முடித்த எல்லோராலும் கையெழுத்துப் போட முடியாது. தனியாக பிராக்டிஸிங் சர்டிபிகேட் வேண்டும், அதோடு ஆடிட் தகுதியும் வேண்டும். உங்களிடம் அவை இருக்கின்றனவா? இல்லை. ஆக உங்களுக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. சோழிங்கநல்லூரில் நீங்கள் டிக் அடித்துக் கொடுக்கிறீர்கள், லண்டனில் பார்ட்னர் கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான்.

ஓஎம்ஆர் பறவை:
சிஓபி, அதாவது பிராக்டிஸ் செய்வதற்கான சான்றிதழ், எடுக்காத சிஏவும் இந்தியாவில் கையெழுத்துப் போட முடியாதுதானே? பெரிய கம்பெனிகளில் ஃபைனான்ஸ் மேனேஜராக உட்கார்ந்திருக்கும் சிஏக்கள் எத்தனை பேர் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள்? அவர்களும் உங்கள் கணக்கில் சிஏ இல்லையா?

யாழ்மைந்தன்:
கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் சிஏ நிறுவனம் 1959ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. ஆனால் பக்கத்து மேசையில் ஏசிசிஏ இருப்பார், அதற்கடுத்த மேசையில் சிமா என்ற பிரிட்டிஷ் மேலாண்மைக் கணக்குப் படிப்பு முடித்தவர். அதற்காக யாரும் ஆளை ஆள் அடித்துக்கொள்வதில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கோ: சமம் என்றால் எதிலே சமம்? பாடத்திலா, சட்ட உரிமையிலா, சம்பளத்திலா? அதைத் தீர்மானிக்காமல் விடிய விடிய கதைத்தாலும் ஒன்றும் நடக்காது.

தணிக்கைதாசன்:
கொழும்புத் தம்பி, அதெல்லாம் அப்புறம் பேசுவோம். இங்கே பேச்சு கையெழுத்தைப் பற்றி. யுடிஐஎன் என்றால் என்னவென்று ஏசிசிஏ தம்பிக்குத் தெரியுமா? சிஏ கையெழுத்துப் போடும் ஆவணத்துக்கு எடுக்கவேண்டிய அடையாள எண், 18 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வருஷத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு என் மெம்பர்ஷிப் நம்பர், மீதி பத்தும் எங்கள் நிறுவனத்தின் போர்ட்டல் கொடுப்பது. 2019லிருந்து இது கட்டாயம். ஒரு நெட்வொர்த் (நிகரச் சொத்து மதிப்பு) சர்டிபிகேட் கொடுத்தால்கூட வங்கி மேனேஜர் முதலில் அந்த நம்பரைத்தான் தட்டிப் பார்க்கிறார். உங்கள் பிரிட்டிஷ் மெம்பர்ஷிப் நம்பரை அந்தப் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், என்ன வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

காஸ்ட் கணக்கன்:
கையெழுத்து, கையெழுத்து என்று தணிக்கைதாசன் சார் இவ்வளவு பேசுவதால் நானும் கேட்கிறேன். அதே 2013 சட்டம், பிரிவு 148. காஸ்ட் ஆடிட், அதாவது உற்பத்திச் செலவுத் தணிக்கை, ரிப்போர்ட்டில் சிஏ கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. சிஎம்ஏ, அதாவது காஸ்ட் அக்கவுண்டன்ட், மட்டும்தான். அப்படியானால் நாங்கள் உங்களைவிட ஒசத்தியா?

தணிக்கைதாசன்:
சிஎம்ஏ என்றால் அந்த அமெரிக்கக் கோர்ஸா? இரண்டு பேப்பர் எழுதினால் முடிந்துவிடுமே, 500க்கு 360 வாங்கினால் போதும் என்று அதற்கும் இப்போது விளம்பரம் வருகிறது.

காஸ்ட் கணக்கன்:
தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். இந்திய சிஎம்ஏ. ஐசிடபிள்யூஏ என்று உங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். 1959ல் பாராளுமன்றம் போட்ட சட்டம். வரித் தணிக்கைக்கு எங்களையும் சேருங்கள் என்று நாங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் குறுக்கே நிற்பது யார் என்று ஊருக்கே தெரியும். ஜிஎஸ்டி வருஷக் கணக்கைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் 9சி படிவம் ஞாபகம் இருக்கிறதா? அதில் நீங்களும் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். 2021ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், வியாபாரியே சுயசான்று கொடுத்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே நாளில் போயிற்று. சட்டம் கொடுத்த கையெழுத்தைச் சட்டமே பிடுங்கிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டா இவ்வளவு மிடுக்கு?

தணிக்கைதாசன்:
9சி போனால் என்ன? கம்பெனி ஆடிட் போயிற்றா? பிரிவு 141 போயிற்றா? 1949ல் எங்கள் சட்டம் வந்தது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நாங்கள் இருக்கிறோம்.

ஓஎம்ஆர் பறவை:
வயதுக் கணக்கு என்றால் எங்களுடையது 1904. உங்களைவிட 45 வருஷம் மூத்தது. இனி அண்ணா என்று கூப்பிடலாம்.

தணிக்கைதாசன்:
வெள்ளைக்காரன் காலத்துப் பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அண்ணாவே எங்களுக்கு 9 பேப்பர் விலக்குக் கொடுத்து, நாலு எழுதினால் போதும் என்று கூப்பிடுகிறார். ஏசிசிஏ முடித்துவிட்டு இந்திய சிஏவுக்கு வந்தால் எத்தனை பேப்பர் விலக்கு? ஒன்றுகூடக் கிடையாது. யார் யாரை மதிக்கிறார்கள் என்று இதிலேயே தெரியவில்லையா?

ஓஎம்ஆர் பறவை:
கதவைத் திறந்து வைப்பவன் தாழ்ந்தவன், பூட்டி வைப்பவன் உயர்ந்தவன். நல்ல நியாயம் சார்.

இண்டர் குரூப் டூ:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். நான் சிஏ இண்டர், அதாவது இடைநிலைத் தேர்வு எழுதுகிறேன். போன தடவை குரூப் 2ல் மூன்று பேப்பரிலும் 40க்கு மேல். மொத்தம் 150 வேண்டும், எனக்கு 149. ஒரு மார்க்கில் குரூப்பே போய்விட்டது. ஏசிசிஏவில் ஒவ்வொரு பேப்பருக்கும் 50 எடுத்தால் போதும், மொத்தம் பார்ப்பதில்லை, வருஷத்துக்கு நாலு தடவை எழுதலாம் என்கிறார்கள். மாறிவிடலாமா? யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

தணிக்கைதாசன்:
ஒரு மார்க்கில் போனது என்றால் அடுத்த தடவை வந்துவிடும் தம்பி. இப்போது உங்களுக்கும் வருஷத்துக்கு மூன்று தடவை பரீட்சை வைக்கிறார்கள், எங்களுக்கு இரண்டுதான். ஆடிட் ஆபீஸில் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது. எங்களுக்கு அதுவே மூன்று வருஷம். இவ்வளவு சலுகைக்குப் பிறகும் ஓடுகிறேன் என்றால் ஓடுங்கள். ஆனால் ஒன்று, பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை ஆடிட்டர் என்று சொல்ல முடியாது.

இண்டர் குரூப் டூ:
நான் பெண், சார்.

ஓஎம்ஆர் பறவை:
சூப்பர்.

தணிக்கைதாசன்:
சரி, சொன்ன விஷயம் மாறப்போவதில்லை. கையெழுத்து இல்லாத தகுதி தகுதியே இல்லை.

ஓஎம்ஆர் பறவை:
அந்தக் கையெழுத்தின் லட்சணத்தையும் பேசுவோமா? 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரை அந்தக் கணக்குகளில் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டது யார்? ஏசிசிஏவா? ஒரு ஆளுக்கு வருஷத்தில் 60 வரித் தணிக்கைதான் என்று உங்கள் நிறுவனமே வரம்பு வைத்திருக்கிறதே, எதற்காக? செப்டம்பர் மாதம் சில ஆபீஸ்களில் வரித் தணிக்கைக்கான 3சிடி படிவம் எந்த லட்சணத்தில் தயாராகிறது என்று ஆர்ட்டிகிள் பசங்களைக் கேட்டால் தெரியும்.

தணிக்கைதாசன்:
கேரில்லியன் என்று ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 2018ல் மூழ்கியதே, அதன் ஆடிட்டருக்கு 2023ல் 2.1 கோடி பவுண்ட் அபராதம் போட்டார்களே, அது எந்த ஊர்க் கையெழுத்து? மற்றவர் முதுகில் இருக்கும் அழுக்குத்தான் உங்களுக்குத் தெரியும். 2023 நவம்பரில் சிஏ ஃபைனல் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களில் தேறியது 9.42 சதவீதம். நூற்றுக்குப் பத்து பேர்கூட இல்லை. நெருப்பில் புடம் போட்டு எடுக்கிறார்கள்.

ஓஎம்ஆர் பறவை:
அடுத்த மே மாதமே 19.88 சதவீதம். ஆறு மாதத்தில் பிள்ளைகளின் மூளை இரண்டு மடங்கு வளர்ந்ததா, நெருப்பில் விறகு குறைந்ததா? ஃபெயிலானவர்களை எண்ணித்தான் ஒரு படிப்பின் தரம் தெரியும் என்றால், மாணவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது என்ன?

இண்டர் குரூப் டூ:
ஆர்ட்டிகிள்ஷிப்பில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். வவுச்சரில் பச்சை மை டிக். செக் டெபாசிட் பண்ண வங்கி வரிசை. சீனியர் சாருடைய பையனை டியூஷனில் விடுவது. ஸ்டைபெண்டில் பாதி பெட்ரோலுக்கே போகிறது.

தணிக்கைதாசன்:
எந்த ஆபீஸ்? பெயரைச் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். எல்லா ஆபீஸும் அப்படி இல்லை. என்னிடம் இருந்த பசங்களைப் போய்க் கேளுங்கள். வங்கி வரிசையில் நிற்பதும் ஒரு படிப்புத்தான், வங்கி ஸ்டேட்மெண்ட் எப்படி வருகிறது என்று தெரியும்.

காஸ்ட் கணக்கன்:
டியூஷனில் விடுவது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது சார்? 141ஆ, 148ஆ?

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இரண்டு படிப்பையும் ஒப்பிட்டு மட்டும் பேசுங்கள்.

தணிக்கைதாசன்:
நெறியாளருக்கு ஒரு கேள்வி. போன வருஷம் சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) படிப்பு பற்றிய திரியிலும் நான் பேசும்போது மட்டும்தான் இதே அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் 'லட்சணம்' என்று எழுதினால் கண்ணில் படாதா?

யாழ்மைந்தன்:
நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்குது. துபாயில் என் மச்சான் வேலைக்கு ஆள் எடுக்கிறவர். அவர் பார்ப்பது ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கு விதிகளில் கன்சாலிடேஷன், அதாவது ஒரே குழுமத்துக் கம்பெனிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் போடத் தெரியுமா என்பதைத்தான். ஏசிசிஏவில் எஸ்பிஆர் பேப்பரும் அதுதான், உங்கள் ஃபைனலில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் பேப்பரும் கிட்டத்தட்ட அதுதான். இந்தத் தங்கச்சிக்கு அதையாவது சொல்லலாமே.

தணிக்கைதாசன்:
கிட்டத்தட்ட என்றால்? எங்களுடையது இண்ட் ஏஎஸ் என்ற இந்தியக் கணக்கு விதிகள். அதற்கென்று தனி விலக்குகள் இருக்கின்றன. அதோடு எங்கள் பிள்ளை ஜிஎஸ்டியும் வருமான வரியும் படிக்கிறது. ஏசிசிஏவில் வரி பேப்பரை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிரிட்டிஷ் வரிதான் படிக்கிறார்கள். மன்னார்குடியில் ஒரு அரிசி மில்காரர் வந்து உட்கார்ந்தால் அவருக்கு லண்டன் வரியா சொல்வீர்கள்?

ஓஎம்ஆர் பறவை:
முதலில் பாத்திரக்கடை, இப்போது அரிசி மில். அடுத்து ஜவுளிக்கடை வருமா? எனக்கு டிசம்பர் இயர் எண்ட் ஃபைல்கள் காத்திருக்கின்றன. தங்கச்சி, நீங்கள் மாறிவிடுங்கள். பவுண்டில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், வருஷ சந்தாவும் உண்டு, அதை மறைக்கவில்லை.

தணிக்கைதாசன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? அவர் ஓடட்டும், அவருக்கு ஃபைல் இருக்கிறது. அம்மா, நீங்கள் மாறாதீர்கள். குரூப் 2 மட்டும்தானே பாக்கி. 141ஆவது பிரிவின் முழு வாசகத்தையும் தமிழில் நாளைக் காலை இங்கே போடுகிறேன், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இண்டர் குரூப் டூ:
பவுண்டில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாராவது சொல்ல முடியுமா?

காஸ்ட் கணக்கன்:
பிரிவு 148ஐயும் சேர்த்தே போடுங்கள் சார். இல்லாவிட்டால் நான் போடுவேன்.